மாமா கேட்ட காத்து

இது நடந்தது. எனக்கே நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கதை கட்டுகிறவர்கள் அதில் தங்களை நல்லவர்களாகக் காட்டிக்கொள்வார்கள். இதில் நான் எங்கே நல்லவளாக வருகிறேன் என்று படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

பேய் என்றால் நடுராத்திரி, மழை, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பீர்கள். அதெல்லாம் இல்லை. பட்டப்பகல். சாப்பிட்டுவிட்டு எல்லா வீட்டிலும் அசந்து கிடக்கிற நேரம். ஜன்னல் வழியாக வெயில் வந்து கட்டில்மேல் விழுந்திருக்கும். அந்தக் கட்டிலில் என் மாமனார் படுத்திருப்பார்.

எங்கள் வீடு ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடி. இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை. என் வீட்டுக்காரர் வெளியூர் பஸ் ஓட்டுகிறார். வாரத்தில் பாதி நாள் ரோட்டில்தான் இருப்பார். வீட்டில் நானும் மாமாவும் மட்டும்.

மாமா ரயில் நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் சொல்லும் வேலை பார்த்தவர். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவர் ஆரம்பித்தால் ஓடுகிறவன்கூட நின்று கேட்டுவிட்டுத்தான் ஓடுவானாம். எங்கள் கல்யாணத்தன்று மைக் செட் கெட்டுப்போனபோது, மைக் இல்லாமலே அத்தனை பேரையும் சாப்பிட அழைத்தவர். என்னை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "அம்மா" என்பார். "என்னம்மா", "சாப்டியாம்மா". அப்படிப்பட்ட மனிதர்.

ஒரு காலையில் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போயிற்று. குரலும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து உள்ளறையில் சுவரோரமாகக் கட்டில் போட்டுப் படுக்கவைத்தோம். சில வாரங்களில் ஒரே ஒரு சொல் மட்டும் திரும்பி வந்தது. காத்து. அதுவும் ஒழுங்காக வராது. நாக்கு குழறி, எச்சில் வழிந்து, "கா...து..." என்று ஏதோ மாதிரி வரும். நான் ஃபேனைப் போடுவேன். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் கூட்டி வைப்பேன். மறுபடி "கா...து..." என்பார். எனக்கு எரிச்சல் வரும்.

என் வேலை அப்படி. ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கிற ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே போனில் புகார் கேட்கிறேன். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஊரில் இருக்கிறவர்கள் எல்லாரும் என்னைத் திட்டுவார்கள். திருப்பி ஒரு வார்த்தை பேசக் கூடாது. "உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்று சொல்லிச் சொல்லியே என் வாய் ஒரு பக்கமாகக் கோணிவிட்டது.

வாங்கிய திட்டை எங்காவது கொட்ட வேண்டுமே. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்துவேன். குழாயை முழுசாகத் திறந்து பக்கெட்டில் தண்ணீரைக் கொட்டவிடுவேன். அந்தச் சத்தத்தில் குழாயைப் பார்த்துத் திட்டித் தீர்ப்பேன். முதலில் போனில் கத்தியவர்களைத்தான் திட்டினேன். கொஞ்ச நாளில் அது மாமா பக்கம் திரும்பியது.

"சாகவும் மாட்டேங்குது, பொழைக்கவும் மாட்டேங்குது. இன்னும் எத்தனை நாளைக்கு இதை அள்ளிக் கொட்டுறது? போய்த் தொலைஞ்சா நானாவது நிம்மதியா இருப்பேன்ல?"

அது என்றுதான் சொன்னேன். அவர் என்றுகூட இல்லை. என்னை அம்மா என்று கூப்பிட்ட மனிதரை, நாற்காலியைச் சொல்வதுபோல அது என்றேன். எழுதும்போதே கை கூசுகிறது. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை. மாதக்கணக்கில். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, "மாமா, டீ குடிக்கிறீங்களா?" என்று தேனொழுகக் கேட்பேன். தண்ணீர்ச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது என்ற தைரியம்தான்.

பிறகு ஒரு நாள் தட்டுகிற சத்தம் ஒன்று ஆரம்பித்தது. அதை முதலில் கேட்டது நான் இல்லை. போனில் பேசிய ஒருவர்.

"மேடம், உங்க வீட்ல யாரோ கதவைத் தட்டுறாங்க பாருங்க."

ஹெட்போனைக் கழற்றினேன். டக்... டக்... டக். வாசல் கதவில்லை. உள்ளறை. மாமாவின் கட்டிலுக்குப் பின்னால் இருக்கிற சுவர். மணி மூன்றேகால்.

அவருக்கு இடது கை நன்றாக இருந்தது. அவர்தான் தட்டுகிறார் என்று முடிவு கட்டினேன். போய் நின்று, "வேலை நேரத்துல எதுக்கு மாமா தட்டுறீங்க? என் வேலை போகணுமா?" என்று ஒரு பிடி பிடித்தேன். அவர் தலையை ஆட்டினார். "கா...து..." என்றார். ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டு வந்தேன். மறுநாளும் அதே நேரம். மூன்றாம் நாள் கட்டிலருகிலேயே நின்று பார்த்தேன். அவர் கை போர்வைமேல் இருந்தது.

டக்... டக்... டக்.

குழாய்ச் சத்தம் என்று புரிந்தது. வாஷருக்குச் சொல்லி அனுப்பினேன். வாஷர் என்பது எங்கள் தெரு பிளம்பரின் பட்டப்பெயர். எந்தக் குழாயில் என்ன கோளாறு என்றாலும் "வாஷர் போயிருச்சு" என்றுதான் ஆரம்பிப்பார். நல்ல மனிதர், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். வந்ததும் ஒரு குழாயைத் திறந்து படக்கென்று மூடிப் பார்த்தார். தண்ணீர் படக்கென்று நின்றால் சில பைப்பு உதறித் தட்டுமாம். இது உதறவில்லை. வெளிச்சுவரில் பைப்பைப் பிடித்திருக்கும் கிளாம்பை எல்லாம் முடுக்கினார். சமையலறைக் குழாயில் வாஷரையும் மாற்றினார், அது இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. கடைசியில் ஒரு நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். நுனியைக் கட்டிலுக்குப் பின்னால் சுவரில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"கா...து..." என்றார் மாமா. இடது கை தூக்கித் தூக்கி விழுந்தது.

வாஷர் சிரித்துவிட்டார். "பாத்தீங்களாக்கா? பெரியவரே கண்டுபிடிச்சிட்டாரு. காத்துதான். சொவத்துக்குள்ள ஒரு லைன் போகுது, அதுல காத்து ஏறியிருக்கு."

நானும் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை.

எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, புஸ் புஸ்ஸென்று காற்றை வெளியேற்றிவிட்டு வாஷர் கிளம்பினார். வாசலில் எதிர்வீட்டு அக்கா நின்றிருந்தார். அவருக்கு அடுத்தவர் வீட்டு விஷயம் என்றால் காது ஒரு முழம் நீளும்.

"என்னவாம்?"

"காத்து இருக்குதாம்க்கா."

"ஐயய்யோ! காத்தா?"

"பைப்புல காத்துங்க்கா. நீங்க நினைக்கிற காத்து கருப்பு இல்ல."

"எல்லாம் ஒண்ணுதான்" என்றார் அவர். "படுத்த படுக்கையா இருக்கவங்க பக்கம்தான் அது மொதல்ல வரும்னு சொல்வாங்க. நீ ஜாக்கிரதை." விளக்கு வைப்பதற்குள் மூன்று மாடிக்கும் செய்தி போய்விட்டது. மாடிப்படியில் என்னைப் பார்த்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவமானமாகவும் இருந்தது.

இரண்டு நாள் சத்தம் இல்லை. மூன்றாம் நாள் மதியம் போனில் ஒரு பெரியவர். ஃப்ரிட்ஜில் ஐஸ் பிடிக்கவில்லை என்று புகார். பொறுமையானவர். பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று நிறுத்தினார்.

"ஏம்மா, பின்னாடி யாரோ ஒரு பொம்பளை திட்டிக்கிட்டு இருக்காங்களே?"

"இங்க யாரும் இல்ல சார்."

"இல்லம்மா, நல்லா கேக்குது. பாவம், யாரைத் திட்டுதோ. சாபம் விடுற மாதிரி இருக்கு."

வீட்டில் இருந்த ஒரே பெண் நான். என் வாய் அப்போது "வருந்துகிறோம் சார்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. கழுத்துக்குப் பின்னால் வியர்த்தது. எனக்குப் பேய்ப் பயம் வரவில்லை. வேறு பயம் வந்தது. குளியலறையில் நான் பேசுவது பைப்பு வழியாகப் போகிறதோ? சுவருக்குள் போகிற அந்த லைன் நேராக மாமாவின் தலைமாட்டுக்குத்தான் போகிறதோ? நான் திட்டியதெல்லாம் அவர் காதில் விழுந்திருக்குமோ?

அந்த ஒரு கேள்விதான். அன்றிலிருந்து இன்றுவரை எனக்கு அந்த ஒரு கேள்விதான்.

வாஷரை மறுபடி வரவழைத்தேன். அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. மொட்டை மாடிக்குப் போய்த் தொட்டியிலிருந்து இறங்கும் மெயின் வால்வையே மூடினார். எல்லா வீட்டுக் குழாயையும் திறந்து கடைசிச் சொட்டுவரை வடியவிட்டார்.

"இப்ப இந்தப் பில்டிங்குல எந்த லைன்லயும் தண்ணி கிடையாதுக்கா. இனிமே சத்தம் வந்தா என் பேரை மாத்திக்கிறேன்."

பெயரை ஏற்கெனவே மாற்றியாகிவிட்டது என்பதை நான் சொல்லவில்லை. அறையில் மூன்று பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றேகால்.

டக்.

வாஷர் என்னைப் பார்த்தார். ஸ்க்ரூடிரைவரைச் சுவரில் ஊன்றிக் காதை வைத்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது. மெல்ல மெல்ல அது வடிந்தது.

"தண்ணி ஓடுதுக்கா..."

"எங்க?"

"உள்ள. பக்கெட்ல விழற மாதிரி..."

பையைத் தூக்கிக்கொண்டார். "மேல போய் வால்வைத் திறந்துட்டு வரேன்" என்றார். வரவில்லை. வால்வையும் திறக்கவில்லை. கட்டடமே தண்ணீரில்லாமல் தவித்தது. அவருடைய ஸ்க்ரூடிரைவர் கட்டிலுக்கடியில் கிடந்தது.

வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. ஃபேன் மட்டும் ஓடியது. மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கா...து..."

"ஃபேன் ஓடுது மாமா."

"கா...து..."

"இதுக்கு மேல எப்படி கூட்டுறது? ஓடுதுல்ல!"

இடது கை சடாரென்று நீண்டு என் முடியைப் பிடித்தது. பிடித்துச் சுவரை நோக்கி இழுத்தது. படுத்துக் கிடப்பவருக்கு இவ்வளவு பலமா? எதிர்வீட்டு அக்கா சொன்னதெல்லாம் ஒரே நொடியில் மண்டைக்குள் ஓடியது.

அடித்துவிட்டேன்.

அவர் கைமேல். ஓங்கி. விரல்கள் விட்டன. தோல் சிவந்தது. அவர் அழவில்லை. முறைக்கவும் இல்லை. அடிபட்ட அதே கையை மெல்லத் தூக்கித் தன் காதைத் தொட்டார். பிறகு சுவரைக் காட்டினார். பிறகு என் காதைக் காட்டினார்.

காது.

அவர் காற்றே கேட்கவில்லை. இத்தனை மாதமும் காது, காது என்றுதான் சொல்லியிருக்கிறார். இங்கே காதை வை என்று. நான் ஃபேனைக் கூட்டிக் கூட்டி வைத்திருக்கிறேன்.

சுவரில் காதை வைத்தேன். சில்லென்றிருந்தது.

முதலில் ஒன்றுமில்லை...

பிறகு தண்ணீர். எங்கோ தூரத்தில். பக்கெட்டில் விழுகிற சத்தம்.

கட்டடத்தில் சொட்டுத் தண்ணீர் கிடையாது.

டக்.

கிட்டே வந்தது.

டக். டக்.

ஒரு பெண் குரல். பல்லைக் கடித்துக்கொண்டு...

"...சாகவும் மாட்டேங்குது..."

என் குரல்.

"...போய்த் தொலைஞ்சா..."

என் வாயைத் தொட்டுப் பார்த்தேன். மூடியிருந்தது.

குரல் நிற்கவில்லை. ஒன்று விடாமல் சொன்னது. நான் மறந்துபோனதைக்கூடச் சொன்னது. பிறகு தண்ணீர் நின்றது. குரல் மாறியது. அழுகை...

"மாமா... கண்ணைத் திறங்க மாமா... வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிட்டேன் மாமா... ஒரு தடவை பாருங்க மாமா..."

இதை நான் சொன்னதே இல்லை.

அதாவது, அதுவரை சொல்லியிருக்கவில்லை.

காதை எடுத்தேன். மாமாவின் முகத்துக்கும் என் முகத்துக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. அந்தக் கண்ணில் இருந்தது கோபமா, இரக்கமா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "கேட்டுச்சா மாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எத்தனையோ பேரிடம் வருத்தம் தெரிவிக்கிற வாய், அன்றைக்குத் திறக்கவில்லை.

அன்றே கட்டிலை எதிர்ச்சுவருக்குத் தள்ளினேன். சத்தம் நின்றது. குளியலறையில் குழாயைத் திறந்துவைத்துப் பேசுவதையும் அடியோடு விட்டேன். மாமாவும் அதற்குப் பிறகு அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. இருந்த ஒரு சொல்லும் போயிற்று. நான் என்ன கேட்டாலும் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு காலையில் டீயுடன் போனேன். வெயில் முகத்தில் அடித்தது, அவர் முகத்தைத் திருப்பவில்லை. டம்ளர் கையிலிருந்து விழுந்தது.

"மாமா... கண்ணைத் திறங்க மாமா..."

சொல்ல ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது. நிறுத்தப் பார்த்தேன். முடியவில்லை.

"...வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிட்டேன் மாமா... ஒரு தடவை பாருங்க மாமா..."

ஒரு எழுத்து மாறவில்லை.

கட்டில் முன்பு இருந்த சுவரில் ஒரே ஒரு முறை கேட்டது. டக்.

காரியமெல்லாம் முடிந்து ஆட்கள் போன பிறகு, சத்தத்தைப் பற்றி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். நான் திட்டியதைச் சொல்லவில்லை. அவருக்கு இன்றுவரை தெரியாது. அவர் வாஷரின் தோளில் கைபோட்டு இழுத்துக்கொண்டு வந்து, அந்தச் சுவரை உடைக்கச் சொன்னார். காரை பெயர்ந்தது. உள்ளே ஒரு பழைய இரும்புப் பைப்பு. கை நீளம்தான் இருக்கும். இரண்டு முனையிலும் மூடி போட்டு இறுக்கியிருந்தது.

வாஷர் தடவித் தடவிப் பார்த்தார். "செத்த லைன்க்கா இது. பழைய காலத்துல ரெண்டு பக்கமும் அறுத்து டம்மி மூடி போட்டு விட்டுட்டாங்க. இதுல தண்ணி போய் எத்தனையோ வருஷம் இருக்கும்."

"பாத்ரூம் பைப்புக்கும் இதுக்கும்...?"

"அது வீட்டுக்கு அந்தக் கோடில போகுது. இதுக்கும் அதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. இதுக்குள்ள வெறும் காத்துதான்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நிம்மதியில். அப்படியானால் நான் பேசியது அவரிடம் போக வழியே இல்லை. நான் சுவரில் கேட்டதெல்லாம் குற்றமுள்ள நெஞ்சு செய்த வேலை. போனில் அந்தப் பெரியவர் கேட்டது வேறு ஏதோ லைன் கலந்தது. மாமா பாவம், காற்றுதான் கேட்டிருப்பார். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் நன்றாகத் தூங்கினேன். பைப்பை வாஷர் பழைய இரும்புக்குப் போடுவதாக எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்து அழைப்பு மணி அடித்தது. வாசலில் வாஷர். கையில் சாக்கு சுற்றிய அந்தப் பைப்பு.

"இது எனக்கு வேணாங்க்கா. நீங்களே வச்சுக்குங்க."

"ஏன்?"

"கடைல போடுறதுக்கு முன்னாடி ஒரு பக்க டம்மியைக் கழட்டினேன்..."

"காத்து வந்துச்சா?" என்றேன். சிரிக்கப் பார்த்தேன்.

"குரல் வந்துச்சுக்கா."

என் குரல் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் தலையை ஆட்டினார்.

"ஆம்பளைக் குரல். வயசானவரு. கணீர்னு இருந்துச்சு. ஸ்டேஷன்ல சொல்வாங்கல்ல... 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு'ன்னு... அந்த மாதிரியே ஆரம்பிச்சுச்சு."

மாமா என்ன வேலை பார்த்தார் என்று வாஷருக்குத் தெரியாது. குழறிக் குழறி ஒரே சொல்லைச் சொல்கிற பெரியவராகத்தான் அவருக்கு மாமாவைத் தெரியும்.

"அப்புறம்?" என்றேன்.

வாஷர் தன் செருப்பைப் பார்த்தார்.

"அப்புறம் என்ன சொன்னாரு?"

"வேணாங்க்கா." பைப்பை வாசலில் சாய்த்து வைத்தார். "நீங்க பேசினதை எல்லாம் என் வாயால நான் எதுக்கு திரும்பச் சொல்லணும்? டேப் சுத்தி நல்லா இறுக்கியிருக்கேன். திறந்துடாதீங்க."

போய்விட்டார். தெருவில் எதிரே வந்தால் இப்போதெல்லாம் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நானும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை.

பைப்பு பரணில் இருக்கிறது. பழைய இரும்பை எதற்குச் சேர்த்து வைக்கிறாய் என்று வீட்டுக்காரர் கேட்கிறார். தூக்கிப் போட முடியாது. யாராவது எடுத்துத் திறந்துவிட்டால்? துருப்பிடித்து எங்காவது ஓட்டை விழுந்துவிட்டால்? அவர் வண்டிக்குப் போன நாட்களில் அதை இறக்கி, துணியால் துடைத்து, எண்ணெய் தடவி, மூடி தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்ப ஏற்றி வைக்கிறேன்.